அப்பாவின் பட்டாளப் பதக்கங்களுக்குப் பெட்டி பிரேம்: ஜார்ஜ் டவுன் கடை அனுபவம்

வீட்டில் பட்டாளத்துக்காரர் ஒருவர் இருந்து, அவருடைய பதக்கங்கள் இன்னும் பிஸ்கட் டின்னிலோ அலமாரியின் கீழ்த்தட்டிலோ கிடக்கின்றன என்றால் இதைப் படியுங்கள். பினாங்கில் கேம்பல் தெருவிலிருந்து சூலியா தெருப் பக்கம் போகும் சந்து ஒன்றில் பழைய கடைவீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கும் பிரேம் கடை இது. அஞ்சடியில், அதாவது கடைக்கு முன்னால் உள்ள நடைபாதையில், வெறும் பிரேம்களை அடுக்கி வைத்திருப்பார்கள், உள்ளே நுழைந்தால் மரத்தூள் வாசம். அப்பாவின் பதக்கங்களுக்கு ஆழமான பெட்டி பிரேம் செய்து கொடுத்தது இவர்கள்தான். வேலை முதல் தரம், விலை மலிவில்லை, சொன்ன தேதிக்குக் கைக்கு வரவில்லை. இதையெல்லாம் வைத்துப் பார்த்தாலும், இன்னொரு தடவை கொடுப்பதென்றால் அங்கேதான் கொடுப்பேன். கடைப் பெயரைப் போட வேண்டாம் என்று தௌக்கே, அதாவது கடை முதலாளி, கேட்டுக்கொண்டார். கைவேலை முழுக்க அவர் ஒருவர்தான், ஸ்கேன் வேலைக்கு மகன், கூட்டம் வந்தால் தாங்காது என்றார். நியாயம்தான்.

முதலில் அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். அப்பா 1969-ல் சேர்ந்தார், ராணுவப் பொறியியல் படை. சார்ஜன் பதவியோடு 1990-ல் ஓய்வு. பள்ளிக்கூடத்தில் நாமெல்லாம் படித்த, மலாயாக் கம்யூனிஸ்டுகளோடு நடந்த சண்டையின் அவசரகாலம் 1948-ல் தொடங்கி 1960 ஜூலை 31-ல் முடிந்துபோனது. அப்பா போனது அதற்கப்புறம் வந்த சண்டைக்கு. 1968 ஜூன் 17 அன்று தாய்லாந்து எல்லைப் பக்கம் குரோ-பெத்தோங் சாலையில் கம்யூனிஸ்டுகள் பதுங்கியிருந்து தாக்கி, பாதுகாப்புப் படையினர் 17 பேரைக் கொன்றார்கள். அதிலிருந்து 1989 டிசம்பர் 2-ல் ஹாட்யாய் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை இருபத்தொரு வருஷம் காட்டுக்குள் நடந்தது அந்தச் சண்டை, ஊருக்குள் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு அது நடப்பதே தெரியாது. கிரிக்கிலிருந்து ஜெலி வரை கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை போட்டார்களே, 1970-ல் தொடங்கி 1982-ல் திறந்தது, அந்தப் பக்கத்துக் காட்டில்தான் அப்பாவின் இளமை கழிந்தது. கண்ணிவெடி தேடுவது, பூபி டிராப் என்ற மறைவான வெடிப்பொறிகளை அவிழ்ப்பது, பாலத்துக்குக் காவல். சாலை திறந்த பிறகும் சில வருஷம் இரவில் வண்டி விடமாட்டார்கள். இன்றைக்கு நாம் கிளந்தான் போகும் வழியில் தெமெங்கோர் ஏரிப் பாலத்தில் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு, யானை வருமா என்று பார்த்துக்கொண்டு போகிறோம். அப்பா மட்டும் அந்த இடத்தில் வண்டியை விட்டு இறங்க மாட்டார்.

இந்த மனிதருக்கு வீட்டில் என்ன அடையாளம் இருந்தது என்று பார்த்தால் ஒன்றுமில்லை. என் பட்டமளிப்புப் படம் கூடத்தில் இருக்கிறது, தங்கையின் கல்யாணப் படம் இருக்கிறது, சாமி படங்கள் இருக்கின்றன. அப்பாவின் பொதுச் சேவைப் பதக்கமும், வேலையை விட்டு ரொம்ப வருஷம் கழித்துக் கிடைத்த பிங்காட் ஜாசா மலேசியா என்ற மலேசியச் சேவைப் பதக்கமும், தொப்பி பேட்ஜும், கழுத்தில் போட்டிருந்த அடையாளத் தகடும் அம்மாவின் பட்டுப்புடவைகளுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் உறையில் இருந்தன. அவர் கேட்கவில்லை, நாங்களும் எடுத்து மாட்டவில்லை. நம் வீடுகளில் பெரும்பாலும் இதுதான் நிலைமை என்று நினைக்கிறேன். தோட்டத்திலிருந்தும் ரயில்வே குவாட்டர்ஸிலிருந்தும் பட்டாளத்துக்குப் போன தமிழர்கள் எத்தனையோ பேர், அவர்களைப் பற்றி நாம் பேசுவதே அபூர்வம். நேதாஜி படையில் இருந்த தாத்தா பாட்டிகளைப் பற்றியாவது கூட்டம் போட்டுப் பேசுகிறோம், அதில் எனக்கும் பெருமைதான். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இந்த நாட்டுச் சீருடை போட்டுக் காட்டில் கிடந்தவர்களுக்கு அந்த அளவுக்கு யாரும் மேடை போடவில்லை. அவர்கள் இப்போது எழுபதைத் தாண்டியவர்கள், நம் வீட்டுக் கூடத்தில் செய்தி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

சரி, கடைக்கு வருகிறேன். இங்கே போவதற்கு முன்னால் ஒரு பேரங்காடிக்குள் இருக்கும் பிரேம் கடையில் கேட்டோம். பளிச்சென்று இருந்தது. கவுண்டரில் இருந்த பிள்ளை பதக்கங்களைப் பார்த்துவிட்டு, சிவப்பு வெல்வெட் போட்டு சூட்டுப் பசையால் ஒட்டி, பின்பக்கம் முழுக்க சீல் வைத்துத் தருவதாகச் சொன்னார். விலை கம்மி, நாலு நாளில் வேலை முடியும். ஒரு மாதிரியை எடுத்துக் காட்டினார், ஏதோ ஓட்டப் பந்தயப் பதக்கங்கள், ரிப்பனின் ஓரத்தில் பசை மஞ்சளாகக் கசிந்து கெட்டியாகியிருந்தது. அப்பா ஒன்றும் பேசவில்லை, உறையை என் கையிலிருந்து வாங்கித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் அங்கே நிற்க எனக்கும் மனசு வரவில்லை.

இந்த தௌக்கே அப்படியில்லை. அளவு கேட்கவில்லை, பட்ஜெட் கேட்கவில்லை. மேசையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, கையைத் துடைத்துவிட்டு, யாருடையது என்றுதான் முதலில் கேட்டார். நான் அப்பாவைக் காட்டினேன். என்ன ரேங்க் என்று அடுத்த கேள்வி. அப்பா சொன்னதும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு "டுடோக் டூலு, சார்ஜன்", முதலில் உட்காருங்கள் என்றார், அந்த நிமிஷத்திலிருந்து வேலை முடிகிற வரை அவர் வாயில் சார்ஜன்தான். அப்பாவை யாரும் அப்படிக் கூப்பிட்டு முப்பது வருஷத்துக்கு மேல் இருக்கும். பேச்சுவாக்கில் தெரிந்தது, தௌக்கே பிறந்து வளர்ந்தது பேராக்கில் ஒரு புதுக்கிராமத்தில், முள்வேலிக்குள். 1950-க்குப் பிறகு பிரிக்ஸ் திட்டத்தில், கம்யூனிஸ்டுகளுக்கு உதவி போகாமல் தடுக்க, லட்சக்கணக்கான மக்களை, பெரும்பாலும் சீனர்களை, வேலி போட்ட ஊர்களுக்கு மாற்றினார்கள், அப்படி ஒரு வீட்டுப் பிள்ளை. அவர் வீட்டுக்கு அந்தக் காலம் வேறு விதமான கஷ்டம். இரண்டு பேரும் மலாயும் ஹொக்கியனும் கலந்து பேசிக்கொண்டே இருந்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவரும் இந்தப் பக்கம் இருந்தவரும் ஒருவரையொருவர் இத்தனை பக்குவமாக விசாரித்துக்கொண்டதைக் கேட்டதில் எனக்கு அங்கேயே வேலையைக் கொடுத்துவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது.

அவர் கேட்ட ஒரு கேள்விக்காகவே இந்தக் கடைக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். "சார்ஜன் இதை இன்னும் போட்டுக்கொள்வாரா, சுவரில் மட்டும் இருக்கப் போகிறதா?" நாங்கள் யோசித்தே பார்க்கவில்லை. பிரேம் என்றால் மாட்டிவிட்டால் முடிந்தது என்றுதான் நினைத்திருந்தோம். அப்பா கொஞ்ச நேரம் கழித்து, "வருஷத்துக்கு ஒரு நாள் போட்டுக்கொள்ளலாம்" என்றார். ஜூலை 31, ஹாரி பாலாவான், அதாவது நாட்டுக்காகப் போராடிய வீரர்களின் நாள். அவசரகாலம் முடிந்த அதே தேதி. அப்பா அந்த நிகழ்ச்சிக்குப் போவதை விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. ஆளே உயிரோடு இருக்கும்போது அவருடைய பதக்கத்தைக் கண்ணாடிக்குள் பூட்டி வைத்தால் அது அவருக்குச் செய்யும் மரியாதையா? அவர் நெஞ்சில் குத்திக்கொள்ளத்தானே அதைக் கொடுத்தார்கள். அதனால் பெட்டியின் முன்பக்கம் கதவு மாதிரி திறக்கிற மாதிரி செய்யச் சொன்னோம், ஓரத்தில் சின்னக் கொக்கி, பக்கவாட்டில் கீல். பதக்கங்கள் இரண்டையும் ஒரே பட்டையில் ரிப்பனோடு சேர்த்துத் தைத்து, பின்னால் ஊக்கு வைத்து, அந்தப் பட்டை மட்டும் பெட்டிக்குள் இரண்டு கொக்கியில் உட்கார்கிறது. தூக்கினால் கையோடு வந்துவிடும், சட்டையில் குத்திக்கொண்டு கிளம்பலாம். இந்த யோசனை வேறு எந்தக் கடையில் கிடைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை, நீங்கள் எங்கே கொடுத்தாலும் இதைக் கேட்டு வாங்குங்கள்.

ரிப்பன் வேலை தௌக்கே செய்வதில்லை. சீருடை தைக்கும் ஒரு அம்மாவிடம் கொடுத்து வாங்குகிறார். பழைய ரிப்பன் நிறம் மங்கி, மடிப்பில் நைந்து போயிருந்தது, அதைத் தூக்கிப் போடாமல் ஒரு சின்ன உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள், புது ரிப்பன் போட்டார்கள். பிங்காட் ஜாசா மலேசியாவின் ரிப்பனில் நடுவில் மஞ்சள், இரு பக்கமும் சிவப்பும் நீலமும் வரும், அந்த வரிசை பிசகாமல் சரியான ரிப்பன் கிடைத்ததே பெரிய விஷயம். எந்தப் பதக்கம் முதலில் வர வேண்டும் என்பதற்கு முறை இருக்கிறது. போட்டிருப்பவரின் நெஞ்சு நடுவுக்குப் பக்கத்தில் உயர்ந்தது, தோள் பக்கம் போகப் போக அடுத்தடுத்தது. இதைச் சரியாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள்.

உள்ளே போடும் பொருள்களைப் பற்றி தௌக்கே சொன்னதைக் கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன், ஏனென்றால் பணம் இதற்குத்தான் போகிறது. நம் ஊர் ஈரக்காற்றில் வெள்ளியும் பித்தளையும் சீக்கிரம் கறுக்கும். கம்பளித் துணி, ரப்பர் பசை இதிலிருந்தெல்லாம் கந்தகம் கசியும், அது வெள்ளியைக் கறுக்க வைக்கும். அதனால் பின்னணிக்கு அமிலம் இல்லாத அட்டை, அதன் மேல் பருத்தித் துணி. எதையும் ஒட்டுவதில்லை, நூலால் கட்டுவதுதான். நாங்கள் வைத்திருந்த பிளாஸ்டிக் உறையைப் பார்த்ததும் அதை உடனே எடுக்கச் சொன்னார். பிவிசி உறை நாளாக ஆக ஒட்டும் பதத்துக்கு வந்து உலோகத்தில் பச்சை படிய வைக்குமாம், தொப்பி பேட்ஜின் ஓரத்தில் அது தொடங்கியும் இருந்தது. பளபளப்பாக்க பிராஸோ போட்டுத் தேய்த்துத் தரட்டுமா என்று அம்மா கேட்டதற்கு அவர் பதறிப் போனார். தேய்க்கத் தேய்க்க எழுத்தும் முகமும் மழுங்கும், மென்மையான துணியால் துடைத்தால் போதும். பெட்டியின் அடியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைக்க ஒரு மறைவான இடுக்கு இருக்கிறது, முன்பக்கம் திறப்பதால் அதை மாற்றுவதும் சுலபம். கண்ணாடிக்குப் பதிலாக, வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக் போடச் சொன்னார், அது கொஞ்சம் கூடுதல் விலை, ஆனாலும் போட்டோம். ரிப்பன் நிறம் வெளுப்பது வெயிலால்தான், அதனால் ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்ட வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினார்.

அப்புறம் படம். அப்பாவும் அவருடைய செக்‌ஷன் ஆட்களும் ஒரு மரப்பாலத்தின் மேல் நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று இருக்கிறது, உள்ளங்கை அளவு, ஒரு மூலையில் பூஞ்சை. அதைப் பெரிதாக்கிப் பதக்கங்களுக்குப் பின்னால் வைக்க ஆசை. அதற்கு முன்பே என் தங்கை, படத்தை ஏற்றினால் தானாகவே சரிசெய்து நிறமும் போட்டுத் தரும் ஓர் இணையச் சேவையில் கொடுத்துப் பார்த்திருந்தாள். பார்க்க அழகாகத்தான் வந்தது. எல்லார் முகமும் வழவழவென்று, சினிமா நடிகர் மாதிரி. அப்பா அதைக் கையில் வாங்கி, இடது ஓரத்தில் நிற்பவரை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு "இது யாரு?" என்று கேட்டார். அவரோடு ஒரே கூடாரத்தில் படுத்த நண்பர், பூபி டிராப்பில் போனவர். அந்த மனிதருடைய முகத்தில் இருந்த வெட்டுத் தழும்பை அந்தச் சேவை அழகுபடுத்தி அழித்துவிட்டது, மூக்கையும் மாற்றிவிட்டது. இதை ரொம்ப அழுத்திச் சொல்கிறேன், பழைய படங்களை இந்த மாதிரிச் சேவைகளில் போடும்போது மூலப்படத்தைப் பக்கத்தில் வைத்து முகம் முகமாக ஒப்பிட்டுப் பாருங்கள். இறந்துபோனவரின் கடைசி முகம் அதுவாகத்தான் இருக்கும், அதை யாரோ ஒரு கணினியின் ஊகத்துக்கு விட்டுவிட முடியாது.

கடையில் தௌக்கேயின் மகன் அதே படத்தைப் பெரிய அளவில் ஸ்கேன் செய்து, பூஞ்சைக் கறையையும் கீறலையும் மட்டும் கையால் நீக்கினார். முகங்களில் கை வைக்கவில்லை. நிறம் வேண்டாம் என்று அவரே சொன்னார், சீருடை நிறமும் பெரெட் நிறமும் தப்பாக வந்தால் பட்டாளத்துக்காரர்கள் கண்ணில் முதலில் அதுதான் படும் என்றார். அச்சுக்கு முன்னால் அப்பாவைத் திரைக்கு முன் உட்கார வைத்து, ஒவ்வொருவராகப் பெரிதாக்கிக் காட்டினார். அப்பா ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் சொன்னார், ஊர் சொன்னார், சிலருக்கு ராணுவ எண்ணின் கடைசி இலக்கங்கள்கூடச் சொன்னார். எனக்கு இதில் ஒரு பெயரும் அதற்கு முன் தெரியாது. மலாய்க்காரர், ஈபான், சீனர், நம்மவர் இருவர். நான் போனில் பதிவு செய்துகொண்டேன், மகன் அந்தப் பெயர்களைப் படத்தின் பின்பக்கம் பென்சிலால் எழுதி வைத்தார். ஆளை நேரில் கூட்டிக்கொண்டு போங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். பிரேமை நாமே தனியாகப் போய்ச் செய்து, பிறந்தநாளுக்கு ஆச்சரியமாகக் கொடுக்கலாம் என்று தங்கை முதலில் சொன்னாள். கொடுத்திருந்தால் அப்பா சந்தோஷப்பட்டிருப்பார், அந்தப் பெயர்கள் மட்டும் எங்களுக்குக் கிடைத்திருக்காது.

குறைகள். முதல் குறை, பித்தளைத் தகடு. கீழே பெயர், ராணுவ எண், படைப்பிரிவு, பணிசெய்த வருஷங்கள் மலாயிலும், அதற்கு மேலே பெயர் தமிழிலும் பொறிக்கச் சொன்னோம். இயந்திரத்தில் தமிழ் எழுத்துரு இல்லை என்று, நான் அனுப்பிய கோப்பை வெளியே கொடுத்துச் செய்தார்கள். முதலில் வந்த தகட்டில் எழுத்து மிகச் சின்னதாக இருந்ததால் புள்ளிகள் பாதி காணாமல் போய், அப்பாவின் பெயர் வேறு பெயராகத் தெரிந்தது. சொன்னதும் வாக்குவாதம் பண்ணாமல் கூடுதல் காசும் வாங்காமல் மறுபடி செய்தார்கள், எழுத்தைப் பெரிதாக்கி, புள்ளியை ஆழமாக வெட்டி. ஆனால் இதனால்தான் தேதி தள்ளிப் போனது. தமிழில் பொறிக்கக் கொடுப்பவர்கள் காகிதத்தில் அதே அளவில் அச்சடித்து, கொஞ்சம் தள்ளி வைத்துப் படித்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். ண, ன, ள, ழ எல்லாவற்றையும் நீங்களே சரிபாருங்கள், அவர்களுக்கு அது வெறும் கோலம்தான்.

இரண்டாவது, தொலைபேசியை எடுப்பதே இல்லை. வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள நேரில்தான் போக வேண்டும், அந்தச் சந்தில் காரை நிறுத்தவும் இடம் கிடையாது. வயதானவரைக் கூட்டிப் போனால் வாசலில் இறக்கி விட்டுவிட்டு, கொம்தார் பக்கம் நிறுத்திவிட்டு வருவதுதான் வழி. அஞ்சடியில் படி உயரம், அப்பாவின் முழங்காலுக்குச் சிரமமாக இருந்தது. கார்டு வாங்குவதில்லை, ரொக்கம் மட்டும்.

விலை மொத்தம் 480 ரிங்கிட். பெட்டி, அக்ரிலிக், பட்டை, புது ரிப்பன், படம், தகடு எல்லாம் சேர்த்து. பேரங்காடிக் கடை சொன்னதைவிட நாலு மடங்குக்கு மேல். காசைப் பார்க்கிறவர்கள் படத்தையும் தகட்டையும் விட்டுவிட்டுப் பெட்டியையும் பட்டையையும் மட்டும் செய்யலாம், அதற்கு ஏறக்குறைய பாதிதான் ஆகும் என்றார். நீள்வாக்கில் மாட்டுவதைவிட அகலவாக்கில் செய்தால் திறந்து மூட வசதி.

அந்த வருஷம் ஜூலை 31 காலை அப்பா தானே எழுந்து, கொக்கியை நீக்கி, பட்டையை எடுத்து, இடது மார்பில் குத்திக்கொண்டு, பழைய பெரெட்டைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினார். பிளேசர் பழசு, அதைப் பற்றி அம்மாவுக்கு வருத்தம். நிகழ்ச்சி முடிந்து, அதே செக்‌ஷனில் இருந்த இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். இருவரும் கூடத்துப் படத்துக்கு முன் நின்று, அந்த மரப்பாலம் எந்த ஆற்றின் மேல் இருந்தது என்று சாப்பாட்டு நேரம் வரை விவாதித்தார்கள், அம்மா இலை போட்டுவிட்டு இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது. அவருக்கும் இதே மாதிரி ஒரு பெட்டி வேண்டுமாம். அவர் பதக்கங்கள் எங்கே என்று கேட்டால், மகன் வீட்டில் எங்கோ இருக்கிறதென்றார். பதக்கத்தைக் காணோம் என்றாலோ, கிடைக்க வேண்டியது கைக்கு வரவே இல்லை என்றாலோ, முன்னாள் படைவீரர் விவகார இலாகாவில், அதாவது ஜே.எச்.இ.வி-யில், ராணுவ எண்ணைக் கொடுத்து விசாரிக்கலாம். கடையில் நகல் வாங்கி மாட்டுவதற்கு முன்னால் அதைச் செய்யுங்கள்.

கடை ஞாயிற்றுக்கிழமை கிடையாது, சீனப் புத்தாண்டை ஒட்டி ரொம்ப நாள் மூடிவிடுவார். காலையில் போனால் தௌக்கே நிதானமாகப் பேசுவார், மதியத்துக்கு மேல் ஓவியம் பிரேம் போட வருகிறவர்கள் கூட்டம். ஹாரி பாலாவானுக்குள் கைக்கு வேண்டும் என்றால் ஏப்ரல் கடைசிக்குள் கொடுத்துவிடுங்கள், தமிழ்த் தகடும் வேண்டும் என்றால் அதற்கும் முன்னால்.